மார்கழியிலும் வியர்த்தது

போன கிழமை மூன்று இரவு வியர்வையில் நனைந்து உடுப்பு மாற்றினேன். முந்தி இருந்த நிலைமையோடு பார்த்தால் இது எவ்வளவோ குறைவு. ஒரு காலத்தில் ஒரே இரவில் மூன்று தரம் மாற்றியிருக்கிறேன், அடுத்த நாள் கொடியில் தொங்குகிற நைட்டிகளைப் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கத்து அக்கா "வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ" என்று கேட்டிருக்கிறா. அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இப்போது சமாளிக்க வேண்டிய தேவை இல்லை என்று நினைக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 49. முடக்குவாதம் என்று பெயர் வைத்து ஏழு வருடம் ஆகிறது. திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் வீடு, முன் அறையில் தையல் மெஷின், சட்டை, பாவாடை, பள்ளிக்கூட யூனிபோம் என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். சோறு போடுகிறது இந்தக் கைதான், நோய் பிடித்ததும் இந்தக் கையைத்தான். இரண்டு மணிக்கட்டும், புறங்கை முட்டுகளும், விரல்களின் நடு மூட்டுகளும், வலது இடது என்று பாராமல் ஒரே மாதிரி வீங்கும். காலையில் ஊசியில் நூல் கோர்க்க விரல் இணங்குவதற்கு ஒன்பது மணியாகும்.

நோவு என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். கையைத் தூக்கிக் காட்டினால் வீக்கம் தெரியும். இரவில் வியர்க்கிறது என்று சொன்னால் யாருக்கும் அது ஒரு வருத்தமாகவே தெரியாது. திருகோணமலையில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை? சித்திரை தொடங்கினால் ஓடு கொதிக்கும், அப்புறம் கச்சான் காற்று வந்துவிடும், அது அடிக்கிற மாதங்களில் பகலில் கதவைத் திறந்தால் அடுப்பு வாயில் முகத்தை வைத்த மாதிரி இருக்கும், இரவில் சுவரைத் தொட்டால் சுவரும் சுடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெக்கை, வயசு, தகரம் போட்ட பின் அறை. ஒரு இடத்தில் மருந்து எடுக்கப் போனபோது மெதுவாகச் சொல்லியும் பார்த்தேன், "வயசு போகுதுதானே, காலநிலையும் இப்படித்தானே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இப்போதும் மனம் பாரமாக இருக்கிறது.

பிறகு மார்கழி வந்தது. எங்களுக்கு அது மழையும் வாடைக்காற்றுமான மாதம். ஃபேன் போடவில்லை, மகள் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள், இவர் சாரத்துக்கு மேல் பெட்ஷீட்டும் போர்த்தியிருக்கிறார். எனக்கு இரண்டு மணி போலக் கழுத்துக்குப் பின்னால் ஒரு ஈரம். முதுகெலும்பு வழியாக இறங்கி, நெஞ்சு, மார்புக்குக் கீழே, முழங்கால் மடிப்பு, எல்லா இடமும். தலையணை உறையைப் பிழிந்திருந்தால் தண்ணீர் வந்திருக்கும். எழும்பி இருந்தேன். நைட்டி உடம்போடு ஒட்டியிருந்தது, வாடைக்காற்று பட்டதும் பல் கிட்டியது. முன்பக்கம் ஆறு பொத்தான், நானே தைத்த சின்னச் சின்ன ஓட்டைகள், விரலோ வாழைப்பூ மாதிரி வீங்கி மடிய மாட்டேன் என்கிறது. ஒன்றைக் கூடக் கழற்ற முடியவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன், இருபத்தைந்து வருடமாகப் பிடித்த கத்தரிக்கோல், அதையும் அழுத்த முடியவில்லை. கட்டில் ஓரத்தில் ஈரத்தோடு இருந்து அழுதேன். இவர் எழும்பி, லைட் போட்டால் மகள் எழும்பிவிடுவாள் என்று டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். "என்னப்பா, எவ்வளவு நாளா இப்பிடி?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வெளியே திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமும் தெருவால் போகிற நேரம் வரைக்கும் இரண்டு பேரும் படுக்கவில்லை.

ஊரே குளிரில் போர்த்துக்கொண்டு கிடக்கிற மாதத்தில் வியர்த்தால் அது வெக்கை இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் கேட்ட முதல் கேள்வியே "உடுப்பு மாத்த வேண்டிய அளவுக்கு நனையுதா, இல்லாட்டி லேசாப் பிசுபிசுப்பா?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் கிடைத்ததே எனக்குப் பாதி ஆறுதல். நைட்டி, பெட்ஷீட் எல்லாம் மாற்றுகிற அளவுக்கு நனைகிறது என்றால், கூடவே காய்ச்சல், காரணமில்லாமல் மெலிவு, இரண்டு கிழமைக்கு மேல் இருமல், கழுத்திலோ கக்கத்திலோ கட்டி, இதில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். முடக்குவாதத்துக்கு நாங்கள் எடுக்கிற மருந்துகள் நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்துகள். அடக்கினால்தான் மூட்டு தப்பும், ஆனால் உள்ளே ஒளிந்திருக்கிற காசநோய் போன்றவை தலை தூக்கவும் அதுவே வழி விடும். இரவு வியர்வை காசநோய்க்கு ஒரு பழைய அடையாளம். நிணநீர்ச் சுரப்பிகளில் வருகிற புற்றுநோயும் இப்படி நனைக்கலாம், முடக்குவாதக்காரருக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட. இதை நான் பயமுறுத்த எழுதவில்லை. எனக்கு நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தம், சளி எல்லாம் பார்த்து இரண்டுக்கும் அடையாளம் இல்லை என்று வந்தது. அதைப் பார்த்துக் கழிக்காமல் "வயசு" என்று சொல்லி அனுப்பியதுதான் பிழை.

தைரொயிட் கூடினாலும் வியர்க்கும். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு நடு இரவில் சீனி இறங்கினாலும் வியர்க்கும், கூடவே நடுக்கமும் படபடப்பும் வரும், அது உடனே பார்க்க வேண்டிய விஷயம். மன அழுத்தத்துக்குக் கொடுக்கிற சில குளிசைகளும் வியர்க்க வைக்கும். எனக்கு இவை எதுவும் இல்லை.

அப்படியானால் என்ன? டொக்டர் ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார். மகளுடைய பழைய சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்தேன். இரவு எத்தனை மணி, காய்ச்சல் எவ்வளவு, உடுப்பு மாற்றினேனா, படுக்கமுன் என்ன குளிசை, காலையில் விறைப்பு எத்தனை நிமிடம். பேனை பிடிக்க முடியாத நாளில் மகள் எழுதினாள். காய்ச்சல் பார்க்கப் பழைய ரசத் தேர்மோமீற்றர் சரிவராது, அதை உதற மணிக்கட்டு வேண்டும், பீப் அடிக்கிற டிஜிட்டல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று கிழமை எழுதிய பிறகு பார்த்தால் வியர்வை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று நெஞ்சிலிருந்து திடீரென்று சூடு கிளம்பி முகத்துக்கு ஏறும், நெஞ்சு படபடக்கும், சில நிமிடத்தில் வியர்த்து அடங்கிவிடும், பகலில் மெஷினுக்கு முன்னால் இருக்கும்போதும் வரும். அது மாதவிடாய் நிற்கிற காலத்துச் சூடு, என் வயதுப் பெண்கள் எல்லோரும் அறிந்தது. மற்றது அப்படியில்லை. அது விடியப்புறமாக வரும், முன்னால் லேசாகக் குளிரும், உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும், பிறகு முழுக்க நனைத்துவிட்டுப் போகும். அப்படி நனைந்த இரவுக்கு அடுத்த காலையில் எல்லாம் கொப்பியில் விறைப்பு 90 நிமிடம், 120 நிமிடம் என்று இருந்தது. நனையாத நாளில் 30, 40. இதைப் பார்த்துவிட்டு டொக்டர் "இது நோய் கிளம்பி நிக்குது" என்றார். உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனைகள், ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் ஏறியிருந்தன.

எனக்கு விளங்கின அளவில் சொல்கிறேன். முடக்குவாதம் மூட்டோடு நிற்கிற வருத்தம் இல்லை. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி நம் மூட்டுச் சவ்வையே எதிரி என்று நினைத்து அடிக்கும்போது, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 6 மாதிரியான இரசாயனங்களை ரத்தத்தில் விடுகிறது. காய்ச்சல் வந்தால் சுரக்கிறதும் இவைதான். அவை மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கிற இடத்தைப் போய்த் தொடும், சூடு ஏறும், ஏறின சூட்டை இறக்க உடம்பு வியர்வையை விடும். அழற்சியை அடக்குவதற்கு நம் உடம்பே சுரக்கிற கோட்டிசோல் நடு இரவில்தான் ஆகக் குறைவு. அடக்க ஆளில்லாத அந்த நேரத்தில், விடியலை நோக்கி இந்த இரசாயனங்கள் கூடும். காலையில் விரல் மடங்காததற்கும் விடியப்புறம் நனைவதற்கும் வேர் ஒன்றுதான்.

நோய் ஏன் கிளம்பியது என்பதற்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கிழமைக்கு ஒருநாள் எடுக்கிற மெதொட்ரெக்ஸேற்றை நான் இடைக்கிடை விட்டுக்கொண்டிருந்தேன். தைக்கக் கொடுக்க வந்த ஒருவர் அந்தப் பெட்டியைப் பார்த்து "இது கேன்சர் மருந்தெல்லே" என்று சொன்னதிலிருந்து பயம். டொக்டரிடம் அதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. புற்றுநோய்க்கும் அதே மருந்துதான், ஆனால் அங்கே அளவு மிகப் பெரிது, முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் 1988இலேயே அனுமதித்துவிட்டார்கள், இன்றைக்கும் உலகம் முழுக்க முதலில் தொடங்குகிற மருந்து அதுதான் என்று விளங்கப்படுத்தினார். கிழமைக்கு ஒருநாள் என்றால் கிழமைக்கு ஒருநாள்தான், ஒவ்வொரு நாளும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் எந்த நாள் என்று கலண்டரில் வட்டம் போட்டு வைக்கச் சொன்னார். நாங்கள் வியாழக்கிழமை வைத்திருக்கிறோம். ஃபோலிக் அசிட் என்ற விற்றமின் குளிசை வேறு நாளில். அப்புறம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை. பின்னேரம் நோவு கூட என்று நானாகவே அதைப் பின்னேரத்துக்கு மாற்றியிருந்தேன், அது தூக்கத்தையும் கெடுத்து வியர்வையையும் கூட்டக்கூடிய மருந்து. காலைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லி மாற்றினார். அதை மட்டும் யாரும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் உடம்பு தாங்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னொன்றும் கொப்பி காட்டிக் கொடுத்தது. படுக்கமுன் இரண்டு பனடோல் (பரசிற்றமோல்) போடுகிற பழக்கம் எனக்கு. உள்ளே இருக்கிற லேசான காய்ச்சலை அது இறக்கும்போது வியர்வையாகத்தான் இறக்கும். அதோடு, காய்ச்சல் இருக்கிறதே தெரியாமல் மூடியும் விடுகிறது. இப்போது முதலில் காய்ச்சல் பார்ப்பேன், பிறகுதான் குளிசை. 38 பாகைக்கு மேல் என்றால் விடிந்ததும் ஆஸ்பத்திரிதான், வீட்டு வைத்தியம் இல்லை. மழைக்காலத்தில் டெங்கு வேறு இருக்கிறது. 2017இல் கிண்ணியாப் பக்கம் டெங்கு பட்ட பாடு எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. டெங்கு என்று சந்தேகம் இருக்கிற காய்ச்சலில் டைக்ளோபெனாக், இபுபுரோபென் மாதிரி நோக் குளிசைகள் ரத்தக் கசிவைக் கூட்டும், மூட்டு நோவுக்குப் பையில் எப்போதும் அதை வைத்திருக்கிற எங்களுக்குத்தான் இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும்.

சரி, மருந்து வேலை செய்யக் கிழமைக் கணக்கில் நாள் எடுக்கும். எனக்குப் பத்துக் கிழமை எடுத்தது. அதுவரை இரவு இரவுதானே. அந்த இரவுகளை எப்படிக் கழித்தேன் என்று சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் இதில் பாதி துணி விஷயம், துணி எனக்குத் தெரியும்.

கடையில் மலிவாகத் தொங்குகிற வழுவழு நைட்டி எல்லாம் பொலியெஸ்டர். அது தண்ணீரைக் குடிக்காது, தோலுக்கும் துணிக்கும் நடுவில் வியர்வையை நிற்க விடும். தடித்த பருத்தி நன்றாகக் குடிக்கும், ஆனால் நனைந்தால் பாரம், காயாது, அந்தப் பாரத்தை வீங்கின கையால் தலைக்கு மேலே கழற்ற முடியாது. பழைய வொயில் சேலைதான் நான் கண்டதில் திறம். பத்து வருடம் தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன வொயில். அதில் எனக்கு நைட்டி தைத்தேன், பொத்தான் ஒன்றும் இல்லை, முன்பக்கம் முழுக்கத் திறந்து ஒரு பக்கம் மேலே ஏறி வருகிற மாதிரி, இடுப்பில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு நாடா. முடிச்சுப் போடுவதில்லை, ஒரு சுருக்கு, நாடா நுனியில் வளையல் அளவுக்கு ஒரு துணி வளையம் வைத்துத் தைத்திருக்கிறேன். பெருவிரலை அதற்குள் கொழுவி இழுத்தால் அவிழும். விரல் மடக்கத் தேவையே இல்லை. கையை அகலமாக விட்டிருக்கிறேன், தோளை ஆட்டினாலே வழுக்கி விழும். இருட்டில், நித்திரைக் கண்ணோடு, யாரையும் எழுப்பாமல் என்னால் மாற்ற முடிந்த முதல் இரவு எனக்கு நல்ல ஞாபகம் இருக்கிறது.

படுக்கையும் அப்படித்தான். மெத்தையைக் காப்பாற்ற என்று ரெக்சீன் விரித்தால் அடியிலிருந்து அவியும். நான் பெட்ஷீட்டுக்கு மேல் சேலைத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று விரிப்பேன், கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை. மேல் துண்டு நனைந்தால் முழங்கையாலேயே தள்ளிக் கட்டிலுக்குக் கீழே விட்டுவிடலாம், அடியில் காய்ந்தது தயாராக இருக்கும். பெட்ஷீட்டை மாற்றுகிற வேலை, அந்த மூலையை இழுத்துச் சொருகுகிற வேலை, அது மணிக்கட்டுக்குச் செய்கிற கொடுமை. தலையணைக்கு மேல் ஒரு துவாய்.

ஃபேனை நேரே உடம்புக்கு விட்டால் நனைந்தவுடன் குளிர் பிடித்து மூட்டு இறுகும், அதனால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கிறோம், சுவரில் பட்டுத் திரும்புகிற காற்றுப் போதும். நுளம்பு வலை வேண்டும், நுளம்பு நுழையாத அளவுக்குள் கண் கொஞ்சம் பெரிதான வலையாகப் பார்த்து வாங்கினால் காற்று நுழையும். தண்ணீர்ப் போத்தலின் மூடியைப் படுக்கமுன் இவர் திருகித் தளர்த்தி வைப்பார், இரண்டு மணிக்கு என் கையால் அது திறக்காது. நனைந்த இரவுக்கு மறுநாள் தலை சுற்றும், அதற்குத் தேசிக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் போட்ட தண்ணீர், இல்லாவிட்டால் செவ்விளநீர். பிரஷர் இருக்கிறவர்கள் உப்பையும், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இளநீரையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

"கன்னியாவில குளிச்சா எல்லாம் போகும்" என்று சொல்லாத ஆள் இல்லை. போயிருக்கிறேன். அங்கே இருப்பது வெந்நீர்க் கிணறுகள், ஏழு கிணறும் ஏழு சூட்டில் இருக்கும், வாளியில் அள்ளி ஊற்றும்போது மணிக்கட்டு இளகுகிற சுகம் உண்மைதான், இராவணன் தாயாருக்குக் கிரியை செய்ய உண்டாக்கின இடம் என்ற நினைப்பில் மனமும் ஆறும். மத்தியானத்துக்குள் விறைப்புத் திரும்பி வந்துவிடும். வீட்டிலேயே காலையில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கையைப் பத்து நிமிடம் வைத்திருந்தாலும் அந்த இளக்கம் கிடைக்கிறது, நான் ஒவ்வொரு நாளும் செய்கிறேன். மருந்தை விட்டுவிட்டுக் கிணற்றை நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

சொல்லக் கூச்சமான ஒன்றும் இருக்கிறது. அந்த ஒரு வருடமும் நான் கட்டிலை விட்டு நிலத்தில் பாய் போட்டுப் படுத்தேன். வியர்வை மணம், ஈரம், இவருக்கு அருவருப்பாக இருக்குமோ என்று. காரணம் சொல்லாமல் எழும்பிப் போய்ப் படுத்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவர் தன்மேல் ஏதோ கோபம் என்று நினைத்திருக்கிறார். நிலத்தில் இருந்து எழும்ப முழங்காலும் மணிக்கட்டும் பட்ட பாடு வேறு. இப்போது அந்த மூன்று துண்டையும் மடித்து விரிப்பது அவர்தான், நான் விரித்தால் சுருக்கம் நிற்கிறதாம்.

போன சனிக்கிழமை ஒரு பிள்ளை சட்டை அளவு கொடுக்க வந்தாள். முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதிருக்கும். அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னபோது மணிக்கட்டைப் பார்த்தேன், கேட்டேன், ஓம் அக்கா, இரண்டு வருடமாக மருந்து எடுக்கிறேன் என்றாள். கொடியில் காய்ந்த என் நாடா நைட்டியைப் பார்த்து, இதுபோல் ஒன்று தைத்துத் தருவீங்களா என்று கேட்டாள். ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "ராவில சரியான வெக்கை அக்கா" என்றாள்.

"மார்கழியிலயும் வேர்த்ததோ பிள்ளை?"

தலையாட்டினாள். மெலிந்தும் இருக்கிறாள், பழைய அளவுக் கொப்பியைப் பார்த்தேன், இடுப்பு இரண்டரை அங்குலம் குறைந்திருக்கிறது. கிளினிக்கில் சொன்னாயா என்றேன், இல்லை என்றாள். நைட்டி வெட்டி வைத்திருக்கிறேன், நீல வொயில், நாளைக்கு முடியும். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு நானும் போகிறேன், அந்த அளவுக் கொப்பியையும் கையோடு கொண்டுபோகப் போகிறேன்.